ஏரிக்கரையில் மூன்று மொட்டைப் பனை: வெட்டலாமா, விடலாமா?

கருக்குமட்டை · ஜூன் 9, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஊர் சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடி. பாலக்காடு மாவட்டம் என்பது ரேஷன் கார்டில் இருக்கிறது. வாயைத் திறந்தால் கோயமுத்தூர். பெட்ரோல் அடிக்க அந்தப் பக்கம், கள்ளுக்கடைக்கு இந்தப் பக்கம் என்று இரண்டு மாநிலமும் சேர்ந்து எங்களை வளர்க்கின்றன. மழை மட்டும் இரண்டு பக்கமும் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் ஒரு ஏரி. நாலு ஏக்கர் இருக்கும். மூலத்தறை அணையில் கால்வாய் திறந்தால் நிறையும், திறக்காவிட்டால் ஏப்ரலில் பையன்கள் உள்ளே ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள். கரையைச் சுற்றி 41 பனை. மூன்று மொட்டை. ஒன்றில் இடி விழுந்ததை நானே பார்த்தேன். மற்ற இரண்டும் குருத்தில் வண்டு விழுந்து போனவை.

இப்போது ஏரியை அழகுபடுத்தப் பணம் வந்திருக்கிறது. எஸ்டிமேட்டைப் பார்த்தேன். கரை முழுக்க இன்டர்லாக் நடைபாதை, உள்சரிவு முழுக்கக் கருங்கல் கட்டு, இரண்டு ஹைமாஸ்ட் லைட், 12 சிமென்ட் பெஞ்சு. கடைசிக்கு முந்தின வரி, 'ஆபத்தான மரங்களை அகற்றுதல்'. அந்த ஒரு வரிக்குள் மூன்று மொட்டைப் பனையும், நடைபாதைக்கு இடைஞ்சல் என்று கிழக்குக் கரைப் பனை 14ம் அடக்கம்.

நாங்கள் ஏழு பேர். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பிளாஸ்டிக் பொறுக்குகிறோம், பறவை எண்ணுகிறோம். வார்டு மெம்பர் எங்களைக் கூப்பிட்டு, "நீங்கள்தானே பசுமை ஆட்கள், 200 கன்று தருகிறேன், வெட்டுகிற இடத்தில் நட்டுக்கொடுங்கள்" என்றார். மோசமான மனுசர் இல்லை. வெட்டுவது 17, நடுவது 200, லாபம்தானே என்று நிஜமாகவே நினைக்கிறார்.

உயிருள்ள பனைக்குப் பேச எனக்குத் தெரியும். மொட்டைப் பனைக்கு என்ன சொல்லி வாதாடுவது? "காய்ந்த மரம், பிள்ளைகள் தலையில் விழுந்தால் நீ பதில் சொல்வாயா?" என்றதும் என் வாய் அடைத்துவிட்டது.

பொள்ளாச்சி பஸ் · ஜூன் 9, இரவு 10:15

வெட்டினால் எங்கே போகும் என்று கேட்டீர்களா? உங்கள் ஊர்ப் பனை எங்கள் பக்கம் செங்கல் சூளைக்கு லாரி லாரியாக வந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பனை மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டில் பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். 76 லட்சம் பனங்கொட்டை விநியோகம் என்றும் அதே பட்ஜெட்டில் வந்தது. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் முளைத்திருந்தால் உங்கள் மரத்துக்கு மரியாதை அதிகம்.

கருக்குமட்டை · ஜூன் 9, இரவு 10:22

கல் நட்டவர்கள் பனையைக் கேட்டு நடவில்லையே அண்ணா.

வௌவால் · ஜூன் 10, காலை 6:05

கருக்குமட்டை அண்ணா, மொட்டைப் பனை பற்றிக் கேட்டீர்கள். படிப்பு இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனையின் தண்டு வெளியே வைரம், உள்ளே மெத்து. கொண்டை செத்ததும் மேலிருந்து மழை இறங்கி உள்பக்கம் மக்க ஆரம்பிக்கும். வெளிச்சுவர் அப்படியே நிற்கும். நாலைந்து வருடத்தில் முப்பது அடி உயரத்தில் வாய் திறந்த குழாய் தயார். மரத்தைக் கொத்திப் பொந்து போடத் தெரிந்தது மரங்கொத்திக்கும் இன்னும் ஒன்றிரண்டுக்கும்தான். மற்றவை எல்லாம் கிடைத்த பொந்தில் குடியேறுகிறவை. பச்சைக்கிளி, மைனா, புள்ளி ஆந்தை, பனங்காடை. பனங்காடைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். தெருக்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும், பறக்கும்போது இறக்கையில் இரண்டு நீலம் பளிச்சென்று விரியுமே, அதுதான். மார்ச் முதல் ஜூன் வரை அதற்குக் குஞ்சுக் காலம். உங்கள் மூன்று மரத்திலும் இப்போதே ஆள் இருக்கலாம்.

அடுத்தது காவோலை. பனையைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று தொங்குகிற காய்ந்த ஓலையை எல்லாம் கழித்துவிடுகிறார்கள் இல்லையா, அதில்தான் பனை உழவாரன் கூடு வைக்கும். ஓலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டி ஒரு சின்னக் கிண்ணம். ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முட்டையையும் எச்சிலாலேயே ஒட்டிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஓலை என்ன ஆட்டம் ஆடினாலும் முட்டை உருளாது. அந்தப் பறவை தரையில் இறங்காது, கம்பியில் உட்காராது. நாலு விரலும் முன்னால் திரும்பிய கால், செங்குத்தான ஓலையில் தொற்ற மட்டும் உதவும். ஓலை மடிப்புக்குள் பகலில் தூங்குகிற வௌவாலும் உண்டு. (என் கட்சிக்காரர், விட்டுவிட முடியாது.)

"காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்" என்று பழமொழி சொல்கிறோம். காவோலையில் குடியிருப்பவருக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஒன்று செய்யுங்கள். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒவ்வொரு மொட்டைக்கும் கீழே அரைமணி நேரம் உட்காருங்கள். யார் வருகிறார், யார் போகிறார், வாயில் என்ன என்று எழுதுங்கள். வீடியோவும் எடுங்கள். 'மரத்தில் உயிர் இருக்கிறது' என்பதை விட '17ஆம் தேதி 6:20க்கு வாயில் வெட்டுக்கிளியோடு உள்ளே போனது' என்பது மீட்டிங்கில் எடுபடும்.

கடலைக்காட்டுக்காரன் · ஜூன் 10, காலை 8:30

எல்லாரும் பறவைக்குக் கவிதை எழுதுங்கள். நான் ரெண்டு ஏக்கர் நிலக்கடலை போட்டு மயிலுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். விதைத்த மூணாம் நாள் வரிசையாக வந்து, நான் போட்ட சால் மாறாமல் கிண்டிக்கொண்டு போகிறது. தக்காளியில் ஒரு கொத்து, அடுத்த தக்காளியில் ஒரு கொத்து. முழுசாகத் தின்றாலாவது பசி என்று விடலாம்.

காட்டுப்பன்றிக்கு 2022ல் பஞ்சாயத்துத் தலைவருக்கே சுட உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்தார்கள். மயிலை விரட்ட ஒரு கல் எடுத்தாலே கேசு. தேசியப் பறவை. அக்ஷயா இ-சேவை மையத்தில் போய் நஷ்டஈட்டுக்கு விண்ணப்பம் போடு என்கிறார்கள். போட்டோ, நிலவரி ரசீது, இன்னொரு போட்டோ. ஒரு நாள் கூலி அதிலேயே போய்விடும்.

ஏரிக்கரையில் புதரை விட்டுவைத்தால் மயில் இன்னும் பெருகும். ஆகவே என் ஓட்டு நடைபாதைக்கு.

பொள்ளாச்சி பஸ் · ஜூன் 10, காலை 8:51

அண்ணா, மயில் முருகனுக்கு வாகனம். பெட்ரோல் செலவு உங்கள் கணக்கில்.

கடலைக்காட்டுக்காரன் · ஜூன் 10, காலை 8:53

சிரிப்பு வரவில்லை தம்பி.

ஓய்வுபெற்ற டீச்சர் · ஜூன் 10, மாலை 4:10

கடலைக்காட்டுத் தம்பி சொல்வதைக் கேலி செய்ய வேண்டாம். அவர் நஷ்டம் நிஜம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மயில் பார்க்கப் பிள்ளைகளை வண்டி கட்டிக் கூட்டிப்போக வேண்டும். இப்போது பள்ளிக்கூட ஓட்டின் மேல் உட்கார்ந்து அகவுகிறது, பாடம் நடத்த முடியவில்லை என்கிறார்கள்.

ஆனால் காரணம் புதர் இல்லை தம்பி. பறவையியலாளர் சாலிம் அலி 1933ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுத்தபோது மயில் அவர் கண்ணில் படவே இல்லை. அப்போது புதர் இன்றைவிடப் பல மடங்கு. கேரளா வேளாண் பல்கலைக்கழக ஆட்கள் 2020ல் வெளியிட்ட ஆய்வில், கேரளத்தில் இப்போது 19 சதவீத நிலம் மயிலுக்கு ஏற்றதாக இருக்கிறது, 2050 வாக்கில் அது 40க்கு மேல் போகலாம் என்கிறார்கள். நாடு காய்ந்துகொண்டு வருகிறது, மயில் அதன் பின்னால் வருகிறது. நம் ஊர் எப்போதும் காய்ந்த ஊர்தான், அதனால் முதலில் நம்மிடம் வந்தது. முன்பு முட்டையையும் குஞ்சையும் தின்ன நரியும் குள்ளநரியும் இருந்தன. ராத்திரி ஊளை கேட்காத வீடு கிடையாது. அவை இருந்த இடம் எது? நீங்கள் ஒழிக்கச் சொல்கிற அதே புதர்தான்.

நம் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். காவசேரியில் பிறந்த கே.கே.நீலகண்டன், ஆங்கில வாத்தியார், 'இந்துசூடன்' என்ற பெயரில் மலையாளத்தில் பறவைகளைப் பற்றி எழுதியவர். சூலனூர் மயில் சரணாலயம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஊர்ப்பறவையை ஊர்ப்பெயரோடு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். என் வகுப்பில் ஒரு பையன் பரீட்சையில் 'பனங்காடை' என்று எழுதினான். தாள் திருத்தியவர் 'காடை' என்று திருத்திவிட்டார். இன்னும் மனசு ஆறவில்லை.

ஃபைல் நகராது · ஜூன் 10, இரவு 8:00

முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். வாதம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எதுவும் பேப்பரில் இல்லை. வாயால் சொன்னது காற்றோடு போகும். இப்படிச் செய்யுங்கள்.

முதலில் எஸ்டிமேட்டின் நகல், ஆர்.டி.ஐ.யில். பார்த்தேன் என்றால் போதாது, கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் பஞ்சாயத்தில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறது. 2002 சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி எல்லா உள்ளாட்சியிலும் இருந்தாக வேண்டும். கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவர்தான் அதற்கும் தலைவர். அதன் கீழ் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒரு தடிப் புத்தகம் பீரோவில் தூங்கும். உங்கள் ஏரி அதில் இருக்கிறதா, பனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலை உங்கள் மனுவோடு பின் செய்யுங்கள். தன் புத்தகத்தைத் தானே மறுக்க ஒரு ஆபீசும் விரும்பாது.

வனவிலங்குச் சட்டம் 1972. அதில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் கூட்டைக் கலைப்பதும் முட்டையைச் சேதப்படுத்துவதும் அடக்கம். 2022 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டம் வி.கே.படியில் நெடுஞ்சாலைக்காகக் கூடுகளோடு மரத்தைத் தள்ளி, குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்த வீடியோவை எல்லாரும் பார்த்தோம். வனத்துறை வழக்குப் போட்டது. மெம்பரிடம் மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். "நாளைக்கு உங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாதே என்றுதான்" என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு தொனி இருக்கிறது, முப்பது வருடம் பழகினால் வரும்.

கடைசியாகக் கிராமசபை. பத்து சதவீதம் பேர் வராவிட்டால் கோரம் இல்லை. ஆகவே கூட்டம் சேர்ப்பது உங்கள் வேலை.

பொள்ளாச்சி பஸ் · ஜூன் 10, இரவு 8:20

பேசாமல் பிளாச்சிமடை மாதிரி பந்தல் போட்டு உட்கார்ந்தால் என்ன? பக்கத்து ஊர்தானே.

ஓய்வுபெற்ற டீச்சர் · ஜூன் 10, இரவு 9:02

தம்பி, அங்கே 2002 ஏப்ரலில் கோகோ கோலா ஆலைக்கு எதிரே பந்தல் போட்டது குடிக்கிற கிணறு கெட்டுப்போனதற்கு. ஆதிவாசிப் பெண்கள் வருடக்கணக்காக உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில்தான் ஆலை நின்றது. பெஞ்சுக்கும் இன்டர்லாக்குக்கும் அந்தப் பெயரை எடுக்காதீர்கள். இது எதிரியோடு சண்டை இல்லை. மெம்பர் நம்மிடம் படித்த பையன்.

அடர்வனம் · ஜூன் 11, காலை 10:00

பழைய பனையைக் கட்டிக்கொண்டு அழுவதற்குப் பதில் 200 கன்றை வாங்கி மியாவாக்கி முறையில் நெருக்கமாக நட்டுவிடலாமே? இரண்டு மூன்று வருடத்தில் சின்னக் காடு. அகிரா மியாவாக்கியின் முறை ஜப்பானில், சென்னையில், கேரளத்திலும் பல இடத்தில் வெற்றி. நாங்கள் எங்கள் அபார்ட்மென்ட்டில் செய்திருக்கிறோம், போட்டோ போடட்டுமா?

வௌவால் · ஜூன் 11, காலை 11:30

போடுங்கள், பார்க்க ஆசைதான். நகரத்தில் காலி மனைக்கு அது நல்ல வேலை. ஆனால் அது காடு இருந்து அழிந்த இடத்துக்கு யோசித்த முறை. கேரளத்தின் சராசரி மழை 3,000 மில்லிமீட்டரை ஒட்டி வரும், கிழக்குச் சித்தூரில் அதில் பாதியும் பெய்யாது. இது பனையும் முள்ளும் புல்லும் உள்ள வெட்டவெளி. அங்கே வாழ்கிற ஆட்காட்டி, கவுதாரி, வானம்பாடி எல்லாம் தரையில் முட்டையிடுகிறவை. எதிரி வருவது தெரிகிற திறந்த இடம் அவற்றுக்கு வேண்டும். அதன் மேல் 200 மரத்தை நெருக்கி நட்டால் பசுமை கூடும், ஆட்காட்டி கிளம்பிவிடும்.

கருக்குமட்டை · ஜூன் 11, இரவு 9:15

இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது. நாங்கள் ஜூன் ஐந்தாம் தேதி தவறாமல் கன்று நட்டவர்கள்தான். முதல் வருடம் 60 நட்டோம். மூன்று தப்பியது. அந்த 60 குழி தோண்ட நாங்கள் சுத்தம் செய்தது ஆவாரையும் கொழிஞ்சியும் சூரைமுள்ளும் இருந்த மேடு. அடுத்த வருடம் அந்த மேட்டில் கவுதாரிச் சத்தம் இல்லை. எங்கள் கையால் செய்தது. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

ஓவர்சியர் 62 · ஜூன் 12, காலை 7:00

நானும் ரிட்டயர்டு கேஸ். நீர்ப்பாசனத்தில் இருந்தேன். சுற்றிலும் கருங்கல் கட்டு என்பதைப் பார்த்துத்தான் எழுத வந்தேன்.

மண்கரைக்குக் கல் தேவைப்படுவது மதகுக்கு இரண்டு பக்கமும், கரை மெலிந்து அலை அடிக்கிற இடத்திலும்தான். நாலு ஏக்கர் ஏரிக்கு முழுச் சுற்றுக் கட்டு வீண் செலவு. செங்குத்தாகக் கட்டினால் இன்னொரு கஷ்டம். உள்ளே விழுந்த கன்றுக்குட்டி, ஆமை, தவளை எதுவும் ஏறி வர முடியாது. சரிவாக மண்ணை விட்டால் தண்ணீர் இறங்க இறங்க சேற்று ஓரம் வெளிப்படும், உள்ளான் வகையெல்லாம் அந்த ஓரத்தில்தான் மேயும். கோரை இருந்தால் முக்குளிப்பானுக்குக் கூடு.

பனையின் வேர் சல்லிவேர், கற்றை கற்றையாக மண்ணைப் பிடிக்கும். நம் பெரியவர்கள் கரையில் பனை வைத்தது அழகுக்கு இல்லை. 14ஐ வெட்டிவிட்டு அந்த இடத்திலேயே கல் கட்டுவது, மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டு ஆபரேஷனுக்குப் போகிற மாதிரி.

மொட்டைப் பனை விழுமா என்றால், விழும். ஆனால் ஒரேயடியாக விழாது, மேலிருந்து துண்டு துண்டாக உதிரும். சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இன்னும் நிற்கும். பொத்தென்றால் கவனம். மரத்தின் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளிப் பாதையைத் திருப்பு, நடுவில் முள்வேலி வை, முடிந்தது. பாதையை வளைப்பதற்குக் காசு கிடையாது. எஸ்டிமேட்டில் 'மரம் அகற்றல்' தொகை மிச்சம் என்று எழுதிக் காட்டுங்கள், எஞ்சினியர் சந்தோஷப்படுவார்.

தடா ரோடு · ஜூன் 12, மதியம் 2:20

ஆந்திரா பக்கத்திலிருந்து ஒரு தமிழன். சூளூர்பேட்டை. எங்களுக்குப் பக்கத்தில் நேலப்பட்டு ஏரி. கூழைக்கடா கூடு கட்ட வருகிற இடம். தண்ணீருக்குள்ளேயே நிற்கிற மரங்கள், அதன் மேல் கட்டில் போட்ட மாதிரி கூடு. ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரச்செலவு குறையும் என்பது அவர்கள் கணக்கு. வேடந்தாங்கலிலும் இதே கணக்குதானே. அங்கே 1798லேயே ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் பறவையைச் சுடக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள்.

சொல்ல வந்தது இது. கடலைக்காட்டு அண்ணாவுக்கு அந்த ஏரியால் என்ன கிடைக்கிறது? அது தெரியாமல் அவரை உங்கள் பக்கம் இழுக்க முடியாது.

கடலைக்காட்டுக்காரன் · ஜூன் 12, இரவு 7:45

ஆந்திராக்காரர் ஒருத்தர்தான் சரியான கேள்வி கேட்டிருக்கிறார். ஏரி நிறைந்தால் என் கிணறு ஊறும். வண்டல் எடுக்க விட்டால் காட்டுக்கு அடிப்பேன். எஸ்டிமேட்டில் தூர் வாருவது எங்கேயாவது இருக்கிறதா?

கருக்குமட்டை · ஜூன் 12, இரவு 7:58

இல்லை அண்ணா. பெஞ்சு 12 இருக்கிறது, தூர் வாருவது இல்லை.

கடலைக்காட்டுக்காரன் · ஜூன் 12, இரவு 8:01

அப்போ அது ஏரிக்கு வந்த பணம் இல்லை, கரைக்கு வந்த பணம். கிராமசபைக்கு நான் வருகிறேன். மயில் விஷயம் தனி.

கருக்குமட்டை · ஜூன் 20, இரவு 10:30

பத்து நாள் குறிப்பு. வௌவால் சொன்ன மாதிரி உட்கார்ந்தோம்.

முதல் மொட்டை (இடி விழுந்தது): பனங்காடை ஜோடி. காலை 6:10 முதல் 7:00 வரை ஒன்பது முறை உள்ளே போனது. வாயில் வெட்டுக்கிளி, ஒரு முறை ஓணான் குட்டி. வெளியே வரும்போது நேராகப் பறக்காமல் ஒரு குட்டிக்கரணம். இரண்டாவது மொட்டை: மைனா, மேலே; பாதி உயரத்தில் ஒரு பொந்தில் ஆந்தை. பொழுது சாய்ந்ததும் தலையை வெளியே நீட்டி என்னை மேலும் கீழும் பார்த்தது. மூன்றாவது: ஒன்றும் இல்லை. சுத்தியலால் தட்டினோம், பொத்.

கிழக்குக் கரையில் தூக்கணாங்குருவி வந்துவிட்டது. ஆண்கள் தலை மஞ்சளாகி, ஓலையை நார் நாராகக் கிழித்துக்கொண்டு பறக்கின்றன. ஒரே நாளில் 22 கூடு, எல்லாம் பாதி நிலையில், ஹெல்மெட் கவிழ்த்த மாதிரி. ஒரு விஷயம் கவனித்தோம். எல்லாக் கூடும் மரத்தின் கிழக்குப் பக்கமே தொங்குகிறது. மேற்குப் பக்கம் ஒன்றுகூட இல்லை. இது ஏன்?

வௌவால் · ஜூன் 21, காலை 6:40

காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிறது. மரத்தையே மறைப்பாக வைத்துக் கிழக்கில் கட்டுகின்றன. இந்தியாவில் வேறு இடங்களிலும் இப்படித்தான் பதிவாகியிருக்கிறது. பாதிக் கூட்டைப் பெண் வந்து ஆய்வு செய்யும். பிடித்தால் மீதி முடியும், பிடிக்காவிட்டால் அப்படியே கிடக்கும். முடிந்ததும் ஐயா அடுத்த கூட்டுக்கு அடுத்த சம்பந்தம் பேசப் போய்விடுவார். 1930ல் மும்பைக்கு அருகே கிஹிமில் சாலிம் அலி ஏணி மேல் மறைவு கட்டி உட்கார்ந்து இதைக் கண்டார்.

அண்ணா, உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டதே. கிழக்குக் கரையை மாற்றி வேறு எங்கேயும் வைக்க முடியாது. 200 கன்று மேற்கில் நட்டால் அந்தக் கூட்டுக்கு ஈடாகாது.

கருக்குமட்டை · ஜூலை 3, மதியம் 1:10

கெட்ட செய்தி. காலையில் ஆள் வந்து கிழக்குக் கரையில் இரண்டு பனையை வெட்டிவிட்டார்கள். மனு கொடுத்து ஆறு நாள், கிராமசபைக்கு இன்னும் எட்டு நாள். யார் சொல்லி வந்தார்கள் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். தொழிலுறப்பு (நூறுநாள்) வேலைக்கு வந்த அக்காமார்தான் போன் செய்தார்கள். நான் போவதற்குள் இரண்டு சாய்ந்துவிட்டது. மூன்றாவதற்கு அக்காமார் மண்வெட்டியோடு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். "எங்களுக்கு மத்தியானம் நிழல் இதுதான், வெட்டுவதாக இருந்தால் சாப்பிட்டு முடித்தபின் வெட்டு" என்று ஒருவர் சொன்னார். வந்தவன் பீடி பற்றவைத்தான், அப்புறம் போய்விட்டான்.

விழுந்த கொண்டையில் ஒவ்வொரு ஓலையாகப் புரட்டிப் பார்த்தேன். தூக்கணாங்குருவிக் கூடு ஐந்து. நாலு காலி. ஒன்றில் உள்சுவரில் களிமண் இன்னும் ஈரம், விரலில் ஒட்டியது. காவோலை ஒன்றின் அடியில் அந்த எச்சில் கிண்ணம். வௌவால் எழுதியிருக்காவிட்டால் தூசி என்று நினைத்துத் தள்ளியிருப்பேன். இரண்டு முட்டை. மரம் விழுந்த வேகத்திலும் உருளவில்லை, ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒன்றில் மட்டும் கீறல்.

போட்டோ எடுத்திருக்கிறேன். இங்கே போடவில்லை.

ஃபைல் நகராது · ஜூலை 3, மதியம் 1:40

அடிமரத்தின் குறுக்குவெட்டை அளந்து தேதியோடு படம் எடுங்கள். ஓலையை அப்புறப்படுத்த விடாதீர்கள். அரசு நிலத்து மரம் என்றால் சோஷியல் ஃபாரஸ்ட்ரி (சமூக வனப்பிரிவு) வந்து விலை போட்டிருக்க வேண்டும். போட்ட காகிதம் எங்கே என்ற ஒரே கேள்வியை எழுத்தில், ஒப்புதல் ரசீதோடு. கோபத்தை மனுவில் காட்டாதீர்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர் · ஜூலை 3, மாலை 5:00

அந்த இரண்டு படத்தையும் எனக்கு அனுப்புங்கள். மெம்பர் வீட்டுக்கு நான் போகிறேன்.

கருக்குமட்டை · ஜூலை 12, இரவு 11:00

நேற்று கிராமசபை. கோரம் தாண்டியது, நாற்காலி போதவில்லை. பாதிப் பேர் வண்டலுக்கு வந்தவர்கள், கடலைக்காட்டு அண்ணாவின் ஏற்பாடு. அவர் மைக்கில் பேசியது இரண்டே வரி: "பெஞ்சில் உட்கார எனக்கு நேரம் இல்லை. ஏரியில் தண்ணீர் நின்றால் போதும்."

முடிவானது: பாதை மேற்கிலும் தெற்கிலும் மட்டும், அதுவும் கிராவல் மண். கிழக்குக் கரை அப்படியே. கல் கட்டு மதகுப் பக்கம் மட்டும். பெஞ்சு நாலு. தூர் வார மதிப்பீடு போடச் சொல்லித் தீர்மானம், கோடையில் தண்ணீர் வற்றினால். ஓரச் சேற்றைத் தொடாமல், நடுவில் மட்டும். இரண்டு மொட்டைக்கு வேலி. பொத்தென்று ஒலித்த மூன்றாவது போகிறது, நாங்களே ஒப்புக்கொண்டோம். பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏரிக்கு ஒரு பக்கம் சேர்ப்பதாகத் தலைவர் சொன்னார். இதுவரை 'பொதுக்குளம், மீன் குத்தகை' என்று ஒரே வரிதான் இருந்தது.

கிடைக்காதது: ஹைமாஸ்ட் லைட். ஒன்றைக் குறைத்தார்கள், ஒன்று வருகிறது, ராத்திரி பாம்பு பயம் என்று பெண்கள் கேட்டார்கள். அவர்களிடம் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. பத்து மணிக்கு அணைப்பது என்று பேச்சு. யார் அணைப்பார் என்பது பேசப்படவில்லை. அந்த இரண்டு பனைக்கான காகிதமும் இன்னும் வரவில்லை.

பொள்ளாச்சி பஸ் · ஜூலை 12, இரவு 11:20

ஆந்தைக்கு லைட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சரி, பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு உங்கள் ஏரியையும் சேர்க்கலாமா? 2015லிருந்து தமிழ்நாட்டில் நடக்கிறது, நாலு நாள். எல்லைக்கு வெளியே என்று சொல்லிவிடுவார்களோ?

வௌவால் · ஜூலை 13, காலை 6:15

ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் கணக்கு கேரளத்துக்குப் போகும், போகட்டுமே. 2015 முதல் 2020 வரை கேரளப் பறவை வரைபடத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கட்டம் கட்டமாக நடந்து 361 வகையைப் பதிந்தார்கள். பறவை எல்லைக்கு அந்தப் பக்கமும் இருக்கும், இந்தப் பக்கமும் இருக்கும். எண்ணுகிற ஆள் இருக்கிற இடத்தில்தான் பட்டியலில் ஏறும்.

கருக்குமட்டை · செப்டம்பர் 14, இரவு 8:30

இழையைத் தூசி தட்டுகிறேன். பனம்பழம் விழுந்துகொண்டிருக்கிறது. வெட்டிய இரண்டுக்குப் பதில் கொட்டை நடப் போகிறோம். மெம்பர் கன்று தருகிறேன் என்றார், வேண்டாம் என்றோம். பனை முதலில் கீழே வேரை இறக்கிவிட்டு அப்புறம்தான் மேலே எட்டிப்பார்க்கும், பையில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் அந்த வேர் முறிந்துவிடும். கொட்டையாகப் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். காய்க்கப் பதினைந்து இருபது வருடம். ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஞாயிறு காலை 7 மணி, மதகுப் பக்கம். கொட்டை 130 சேர்ந்திருக்கிறது. கடப்பாரை இரண்டுதான் இருக்கிறது.

கடலைக்காட்டுக்காரன் · செப்டம்பர் 14, இரவு 8:44

என்னிடம் ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன். கொட்டைக்குக் கொட்டை எவ்வளவு இடைவெளி?

கருக்குமட்டை · செப்டம்பர் 14, இரவு 8:47

பத்தடி அண்ணா. பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை அப்படியே போடலாம், கழுவ வேண்டாம்.

கடலைக்காட்டுக்காரன் · செப்டம்பர் 14, இரவு 8:50

என் காட்டு வேலியோரத்துக்கு ஒரு முப்பது எடுத்து வை. மயில் கிண்டாதே?

வௌவால் · செப்டம்பர் 14, இரவு 9:05

ஒரு சாண் ஆழத்தில் போடுங்கள் அண்ணா, கிண்டாது. காட்டுப்பன்றிக்கு நான் பொறுப்பில்லை.